குண்ட்ராடா யார் பெற்ற பெண்? ஒரு கட்டத்தை நிரப்ப நாலு வழி

நார்மன் காலத்து இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்களுக்கு ஒரு வம்சாவளிப் படம் போட்டுக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, சொந்த ஆசைதான். வாரன் குடும்பத்துக்கு வரும்வரை வேலை மளமளவென்று நடந்தது. வில்லியம் டி வாரன், மனைவி குண்ட்ராடா என்று இரண்டு கட்டம் போட்டுவிட்டு, குண்ட்ராடாவுக்கு மேலே பெற்றோர் பெயரை எழுதப் போனேன், அங்கேதான் பேனா நின்றது. 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த முதலாம் வில்லியம் மன்னரின் மகள் என்று ஒரு பழைய புத்தகம் அடித்துச் சொல்கிறது. மன்னருக்குப் பிறந்தவர் இல்லை, அரசி மட்டில்டாவுக்கு முதல் கணவர் மூலம் பிறந்தவர் என்கிறது இன்னொன்று. அரண்மனையில் வளர்ந்த வளர்ப்பு மகள் என்று ஒரு சமாதானக் கட்சி. ஃபிளாண்டர்ஸிலிருந்து (இன்றைய பெல்ஜியம் பக்கம்) வந்த பெண், கெர்போட் என்ற பிரபுவின் அக்காவோ தங்கையோ, அரச குடும்பத்தோடு ரத்த உறவே கிடையாது என்பது நாலாவது கட்சி. நாலில் ஒன்றைத்தான் கட்டத்தில் எழுத முடியும். முடிவுக்கு வர எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை: இந்தக் கதையில் வருகிற ஆண்களில் பாதிப் பேருக்கு வில்லியம் என்றே பெயர். அதனால் அரசரை மன்னர் என்றும் குண்ட்ராடாவின் கணவரை வாரன் என்றும் மட்டும் சொல்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

சண்டை இல்லாத விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். வாரன் ஹேஸ்டிங்ஸ் போரில் மன்னரோடு நின்றவர். அதற்குப் பலனாக சசெக்ஸில் லூயிஸ் பகுதியும் நார்ஃபோக்கில் ஏராளமான நிலமும் கிடைத்தது. கணவனும் மனைவியுமாக 1077 வாக்கில் லூயிஸில் புனித பாங்க்ராஸ் பெயரில் ஒரு மடத்தை நிறுவினார்கள். பர்கண்டியிலிருந்த க்ளூனி மடத்துக்குக் கட்டுப்பட்டு இங்கிலாந்தில் தோன்றிய முதல் மடம் அதுதான். குண்ட்ராடா 1085 மே 27 அன்று நார்ஃபோக்கின் காசல் ஏக்கரில் பிரசவத்தில் இறந்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. வாரனுக்கு சரே பகுதியின் ஏர்ல் பட்டம் வந்ததே 1088-இல்தான், அதே வருடம் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அதாவது பட்டம் வருவதற்கு மூன்று வருடம் முன்பே மனைவி இறந்தாயிற்று, ஆனாலும் பல புத்தகங்கள் அவரைக் கூசாமல் கவுண்டஸ், அதாவது ஏர்லின் மனைவி, என்று எழுதுகின்றன. இதைக் கவனித்த அன்றே அந்தப் புத்தகங்கள் மேல் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது.

சரி, முதல் வழி. மன்னரின் மகள் என்பதற்கு ஆதாரம் இரண்டு ஆவணங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிட வலுவான ஆதாரம் வேறென்ன வேண்டும் என்றுதான் தோன்றும், ஏனென்றால் ஒன்றில் மன்னரே பேசுகிறார், மற்றொன்றில் கணவரே பேசுகிறார். நார்ஃபோக்கில் வால்ட்டன் என்ற ஊரை லூயிஸ் மடத்துக்குக் கொடுக்கும் சாசனத்தில், வாரனையும் அவர் மனைவி குண்ட்ராடாவையும் குறிப்பிடுகிற இடத்தில் மன்னர் அவரை “என் மகள்” என்கிறார். வாரனுடைய நீளமான நிறுவனச் சாசனத்திலோ, யார் யாருடைய ஆன்ம நலனுக்காக மடம் கட்டுகிறோம் என்ற வரிசையில் அரசி மட்டில்டா வரும்போது “என் மனைவியின் தாய்” என்று ஒரு அடைமொழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாமனாரும் மருமகனும் ஒரே உறவைச் சொல்கிறார்கள், அப்புறம் என்ன தகராறு?

தகராறு அந்த வார்த்தைகளை யார் எழுதியது என்பதில் இருக்கிறது. வால்ட்டன் சாசனத்தில் “என் மகள்” என்ற சொற்களைப் பின்னால் யாரோ நுழைத்திருக்கிறார்கள் என்பது, அது எழுதப்பட்ட தோலை உற்றுப் பார்த்த 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்களில் பலர் வந்த முடிவு. வாரனின் நீளமான சாசனம் நம் கைக்கு வந்திருப்பது மடத்தின் பதிவேட்டில் பார்த்தெழுதிய பிரதியாக, அந்தப் பதிவேட்டைத் தொகுத்தது 1444-இல். குண்ட்ராடா இறந்து கிட்டத்தட்ட 360 வருடம் ஆகியிருந்தது. மடம் தொடங்கிய காலத்துக்கு நெருக்கமான, சுருக்கமான ஆவணம் ஒன்று க்ளூனி பக்கம் தப்பிப் பிழைத்திருக்கிறது, அதிலும் வாரன் தன் மனைவி பெயரைச் சொல்கிறார், மன்னரின் சம்மதத்தையும் சொல்கிறார், ஆனால் மாமியார் பேச்சே இல்லை. அரசியே மாமியாராக வாய்த்த ஒரு மனிதர், மடம் கட்டுகிற சாசனத்தில் அதை எழுத மறந்துபோவாரா? நாமாக இருந்தால் கல்யாணப் பத்திரிகையில் பெரிய மனிதர் பெயர் இருக்கிற பக்கத்தைத்தான் முதலில் நீட்டுவோம்.

லூயிஸ் துறவிகள் வேண்டுமென்றே திருட்டுத்தனம் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, பாதி செய்திருக்கலாம், பாதி நம்பியிருக்கலாம். இடைக்காலத்தில் மடங்கள் தங்கள் நிலத்துக்கும் உரிமைக்கும் ஆவணம் தேடிக்கொண்டே இருந்தன, கிடைக்காதபோது எழுதிக்கொண்டன, அது அன்றைக்குப் பெரிய பாவமாகவும் படவில்லை. எங்கள் மடத்தை நிறுவிய அம்மையார் மன்னர் வயிற்றுப் பிள்ளை என்பது வழக்கு மன்றத்திலும் உதவும், விருந்தாளிகளிடமும் உதவும். அதோடு வாரன் குடும்பம் பின்னால் நிஜமாகவே அரச உறவுக்குள் போய்விட்டது: குண்ட்ராடாவின் மகன் கட்டிய வெர்மாண்டுவா இசபெல் பிரெஞ்சு மன்னர் முதலாம் ஹென்றியின் பேத்தி. அந்தக் குடும்பத்தின் வாரிசாக நின்ற பிற்கால இசபெல் முதலில் இங்கிலாந்தின் ஸ்டீஃபன் மன்னரின் மகனையும், அவர் இறந்த பிறகு இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றிக்குத் தந்தை ஒன்று தாய் வேறான சகோதரர் ஹாமெலினையும் கட்டினார். இத்தனை ராஜ சம்பந்தத்தைப் பார்த்துப் பழகிய ஒரு துறவி, இது ஆதியிலிருந்தே அப்படித்தான் என்று நினைத்திருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இப்போது கல்லுக்கு வருகிறேன், எனக்கு இந்த விவகாரத்திலேயே பிடித்தது இதுதான். எட்டாம் ஹென்றி காலத்தில், 1537-இல் மடத்தைக் கலைத்தார்கள், அடுத்த வருடமே ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லுக்காக ஒரு இத்தாலியப் பொறியாளர் ஆள்படையோடு வந்து கட்டடத்தைத் தரைமட்டமாக்கினார். குண்ட்ராடாவின் கல்லறைக் கல்லை யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். 1770களில் பார்த்தால் அது லூயிஸுக்குக் கொஞ்ச தூரத்தில் ஐஸ்ஃபீல்டு தேவாலயத்தில், ஷர்லி குடும்பத்து மனிதர் ஒருவரின் சமாதிக்கு மேல்பலகையாகக் கிடக்கிறது! அங்கிருந்து மீட்டு, பழைய மடத்துக்குப் பக்கத்திலேயே உள்ள சவுத்தோவர் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெல்ஜியம் பக்கத்து டூர்னேயிலிருந்து வந்த கறுப்புச் சுண்ணாம்புக்கல், இலையும் சிங்கத் தலையுமாகச் செதுக்கல், விளிம்பைச் சுற்றியும் நடுவில் நீளவாக்கிலும் லத்தீன் செய்யுள். 12ஆம் நூற்றாண்டின் நடுவில், அதாவது குண்ட்ராடா இறந்து ஏறக்குறைய அறுபது வருடம் கழித்துச் செதுக்கியது என்று வேலைப்பாட்டை வைத்துச் சொல்கிறார்கள்.

அந்தச் செய்யுள் “ஸ்டிர்ப்ஸ் குண்ட்ராடா டுக்கும்” என்று ஆரம்பிக்கிறது. டியூக்குகளின் வழிவந்த குண்ட்ராடா என்று பொருள். அப்புறம் காலத்தின் அணிகலன், உயர்குடித் தளிர், இங்கிலாந்துத் தேவாலயங்களுக்கு நல்லொழுக்கத்தின் நறுமணத்தைக் கொண்டுவந்தவர் என்றெல்லாம் போகிறது. ஏழைகளிடம் மார்த்தாளாகவும் பக்தியில் மரியாளாகவும் இருந்தாராம் (பைபிளில் வரும் சகோதரிகள், ஒருத்தி ஓடியாடிப் பணிவிடை செய்தவள், மற்றவள் இயேசுவின் காலடியில் அமர்ந்து கேட்டவள்), மார்த்தாளின் பங்கு மடிந்தது, மரியாளின் பங்கு மிஞ்சியிருக்கிறது என்கிற இடம் நிஜமாகவே நல்ல கவிதை. இறந்த நாளைச் சொல்லும்போது உடலைப் பரிமளத் தைலப் புட்டியாக வைத்து, ஜூன் கலெண்ட்ஸுக்கு (ரோமர் கணக்கில் மாதத்தின் முதல் நாள்) முந்திய ஆறாம் நாள் அந்தப் புட்டி உடைந்தது என்கிறது, நம் கணக்கில் அது மே 27. அதற்குமேல் கல் உடைந்துவிட்டது, வருடம் இல்லை.

மன்னரின் மகள் கட்சிக்காரர்கள் “டியூக்குகளின் வழி” என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள், மன்னர் முதலில் நார்மண்டியின் டியூக்தானே என்று. எனக்கு அதே சொல் எதிர்ப்பக்கம் சாட்சி சொல்வதாகப் படுகிறது. குண்ட்ராடா இறந்தபோது முதலாம் வில்லியம் மன்னராகி 19 வருடம் ஆகிவிட்டது, கல் செதுக்கும்போது அந்த வம்சமே மூன்று நான்கு அரசர்களைப் பார்த்தாயிற்று. ராஜாவின் மகளுக்கு இரங்கற்பா பாடுகிற ஒரு மடத்துக் கவிஞர், அடைமொழிக்குப் பஞ்சமே இல்லாத ஆள், ராஜா என்ற சொல்லை விட்டுவிட்டு டியூக் என்று இறங்கி வருவாரா? தவிர அந்த லத்தீன் சொல்லுக்குத் தலைவர்கள் என்றும் அர்த்தம் உண்டு, செய்யுளில் ஒரு பெரிய ஃபிளெமிஷ் குடும்பத்தைக்கூட அப்படிச் சொல்ல இடம் இருக்கிறது. ஆக, லூயிஸிலேயே 12ஆம் நூற்றாண்டு நடுவில் அரச மகள் கதை இன்னும் பிறக்கவில்லை, அல்லது கல்லில் வெட்டுகிற அளவுக்கு யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

இரண்டாவது வழி புத்திசாலித்தனமானது, அதுதான் அதன் ஆபத்து. தாமஸ் ஸ்டேபிள்டன் என்ற ஆய்வாளர் 1846-இல் இதை முன்வைத்தார். மட்டில்டாவுக்கு மன்னருக்கு முன்பே கெர்போட் என்று ஒரு கணவர் இருந்தார், பிரபு கெர்போடும் குண்ட்ராடாவும் அந்த முதல் கல்யாணத்துப் பிள்ளைகள். இப்படி வைத்துக்கொண்டால் முரண்படுகிற சாட்சிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உண்மையாகிவிடுகின்றன: மட்டில்டாதான் தாய், கெர்போடின் சகோதரியும்தான், மன்னருக்கு மகள் முறையும்தான். போனஸாக இன்னொரு மர்மமும் தீர்கிறது. 1049-இல் ரீம்ஸ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் மட்டில்டாவை வில்லியத்துக்குக் கட்டிக்கொடுக்கக் கூடாது என்று தடை போட்டது, ஏன் என்று காரணம் பதிவாகவில்லை. முதல் கணவர் உயிரோடு இருந்தார் என்றால் காரணம் கிடைத்துவிட்டது! நார்மன் வரலாற்றில் அன்று பெரிய பெயரான ஃப்ரீமன்கூட முதலில் இதை ஏற்றுக்கொண்டார் என்றால் பாருங்கள். நானும் ஒரு முழு சாயங்காலம் இந்தக் கட்சியில்தான் இருந்தேன்.

ஆனால் அந்த முதல் கணவரை எந்த வரலாற்றாளரும் பார்த்ததில்லை. மன்னரைப் பிடிக்காதவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள், அவருடைய முறைதவறிய பிறப்பைச் சொல்லிக் கேலி செய்தவர்கள் இருந்தார்கள், அடுத்தவன் பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டான் என்ற ஒரு விஷயம் மட்டும் அத்தனை பேர் வாயிலும் வராமல் போயிருக்கிறது. கெர்போட் 1070-இல் செஸ்டரின் ஏர்ல் ஆகிறார், அரசியின் சொந்த மகன் ஏர்ல் ஆகியிருந்தால் அதை ஒருவர்கூடவா எழுதியிருக்க மாட்டார்? எல்லாச் சாட்சியையும் காப்பாற்றுவதற்காகவே ஒரு ஆளைப் படைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த இரண்டு வழியையும் ஒரே கடிதம் அடைத்துவிடுகிறது. குண்ட்ராடாவின் மகன், இரண்டாம் வாரன், முதலாம் ஹென்றி மன்னருக்கு முறையற்ற வழியில் பிறந்த ஒரு மகளைக் கல்யாணம் செய்வதாகப் பேச்சு. இந்த ஹென்றி வில்லியத்துக்கும் மட்டில்டாவுக்கும் பிறந்தவர். கேன்டர்பரி பேராயர் ஆன்செல்மிடம் யோசனை கேட்கிறார்கள். இது கூடாது, இருவரும் ரத்த உறவு, ஒரு பக்கம் நாலாவது தலைமுறையிலும் மறுபக்கம் ஆறாவது தலைமுறையிலும் ஒரே மூதாதையிடம் போய் முட்டுகிறார்கள் என்று ஆன்செல்ம் பதில் எழுதினார். கணக்குப் போட்டுப் பாருங்கள். குண்ட்ராடா மன்னரின் மகளாக இருந்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, இரண்டாவது தலைமுறையிலேயே தாத்தா பாட்டி ஒன்று. மட்டில்டாவுக்கு மட்டும் மகளாக இருந்தாலும் பாட்டி ஒன்று, அதே இரண்டாவது தலைமுறை. நமக்கு அத்தை மகளைக் கட்டுவது முறைப்பெண் விஷயம், அன்றைய திருச்சபைக்கு ஏழு தலைமுறை தள்ளி இருந்தால்தான் மூச்சு. அப்படிப்பட்ட ஒரு பேராயர், தடுக்க வேண்டும் என்றே உட்கார்ந்து எழுதுகிற கடிதத்தில், கண்ணுக்கு எதிரே நிற்கிற பாட்டியை விட்டுவிட்டு நாலாம் தலைமுறைக் கொள்ளுப்பாட்டனுக்கு அப்பனைத் தேடிப் போகிறார் என்றால் அந்தப் பாட்டி அங்கே இல்லை என்றுதான் அர்த்தம். ஆன்செல்முக்கு இந்த மடத்தின் பெருமையில் எந்தப் பங்கும் கிடையாது, பொய் சொல்லக் காரணமும் இல்லை, இரண்டு குடும்பத்தையும் நேரில் அறிந்தவர்.

ஃப்ரீமன் 1888-இல் தன் பழைய கருத்தைக் கைவிட்டு, குண்ட்ராடா மன்னருக்கும் பிறக்கவில்லை அரசிக்கும் பிறக்கவில்லை என்று ஒரு தனிக் கட்டுரையே எழுதினார். அச்சில் வந்த சொந்தக் கருத்தை அச்சிலேயே வாபஸ் வாங்குகிறவர்கள் அன்றும் குறைவு, இன்றும் குறைவு.

மூன்றாவது வழியான வளர்ப்பு மகளுக்கு அதிக நேரம் செலவழிக்கவில்லை. ரத்த உறவு இல்லை என்பதால் ஆன்செல்மின் கடிதம் இதைத் தொடாது, “என் மகள்” என்ற சொல்லையும் செல்லமாகச் சொன்னது என்று காப்பாற்றிவிடலாம். எதைக் கேட்டாலும் பதில் இருக்கிறது, ஆதரவாக ஒரு வரிகூட இல்லை. முதல் கட்சி தோற்ற பிறகு மானத்தைக் காப்பாற்ற ஒதுங்கிய திண்ணை மாதிரி இருக்கிறது. குண்ட்ராடா மட்டில்டாவின் பரிவாரத்தில் இருந்திருக்கலாம்தான், இருவருக்கும் ஃபிளாண்டர்ஸ் பூர்வீகம், ஆனால் இருந்திருக்கலாம் என்பதைக் கட்டத்தில் எழுத முடியாது.

மிஞ்சுவது நாலாவது. இதற்கு முக்கியமான சாட்சி ஆர்டெரிக் விட்டாலிஸ், 1075-இல் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி பக்கம் பிறந்து, சிறுவனாகவே நார்மண்டியின் செயின்ட் எவ்ரூல் மடத்துக்கு அனுப்பப்பட்ட துறவி. யார் யாருக்கு எந்த நிலம் கொடுக்கப்பட்டது என்று சொல்லிக்கொண்டே போகிறபோது, கெர்போடின் சகோதரி குண்ட்ராடாவை மணந்த வாரனுக்கு சரே என்று போகிற போக்கில் ஒரு வரி. அதை வைத்து அவர் எதையும் நிரூபிக்க முயலவில்லை, அதுதான் அந்த வரியின் பலம். ஆர்டெரிக்கும் தவறே செய்யாதவர் இல்லை, நடந்து பல பத்தாண்டு கழித்து எழுதுகிறார், மன்னரின் பெண்கள் பெயரை அவர் சொல்லும் இடங்களே ஒன்றோடொன்று முழுக்க ஒத்துப்போகவில்லை. இருந்தாலும் எந்தப் பட்டியலிலும் குண்ட்ராடா இல்லை. லூயிஸில் வாரனுடைய சமாதியில் இருந்த செய்யுளை அவர் எடுத்தெழுதியிருக்கிறார், அதனால் அந்த மடத்துச் சங்கதி தெரியாதவர் என்றும் தள்ளிவிட முடியாது.

சில்லறைத் துணைச்சாட்சிகளும் உண்டு. 1086-இல் மன்னர் இங்கிலாந்து நிலங்களுக்கு எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில் வாரனின் நார்ஃபோக் நிலங்களில் சில, முன்பு ஃப்ரெடரிக் என்பவருடையவை என்று குறிக்கப்பட்டிருக்கின்றன. இந்த ஃப்ரெடரிக் குண்ட்ராடாவின் இன்னொரு சகோதரர் என்று ஆய்வாளர்கள் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள், மச்சான் சொத்து மாப்பிள்ளைக்கு வந்திருக்கிறது. கெர்போட் செஸ்டரை விட்டுவிட்டு ஊர் திரும்பி, 1071-இல் காசெல் போரில் சிக்கிச் சிறைப்பட்டார் என்கிறார் ஆர்டெரிக். ஆனால் அந்தப் போரில் தன் இளம் தலைவன் ஆர்னுல்ஃபையே கொன்றுவிட்டுப் பாவமன்னிப்புக்காக ரோமுக்குப் போன ஒரு கெர்போட் க்ளூனியில் துறவியானார் என்று வேறொரு மடத்து வரலாறு சொல்கிறது. இருவரும் ஒரே ஆள் என்றால், லூயிஸ் மடம் ஏன் க்ளூனியைத் தேடிப் போனது என்பதற்கு ஒரு குடும்பக் காரணம் கிடைக்கிறது, ஆசையாகத்தான் இருக்கிறது. ஸ்டேபிள்டனிடம் ஒரு சாயங்காலம் ஏமாந்த பிறகு இந்த மாதிரி கச்சிதமாகப் பொருந்துகிற கதைகளைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நிற்கிறேன்.

ஆகவே படத்தில் குண்ட்ராடாவின் பெற்றோர் கட்டத்தை அழித்துவிட்டேன். பக்கவாட்டில் ஒரு கோடு, கெர்போடுக்கு. ஃப்ரெடரிக்குக்குப் புள்ளிக்கோடு. மன்னருக்கும் மட்டில்டாவுக்கும் போகிற கோடு இல்லை. படத்தைப் பார்த்த ஒரு நண்பர், அந்தப் பக்கம் ரொம்ப வெறிச்சென்று இருக்கிறதே, அடைப்புக்குறிக்குள்ளாவது ராஜா பெயரைப் போடக் கூடாதா என்று கேட்டார். போட்டால் அடுத்தவர் பார்த்தெழுதும்போது அடைப்புக்குறியை விட்டுவிடுவார், வால்ட்டன் சாசனத்துக்கு நடந்ததே கிட்டத்தட்ட அதுதானே என்றேன்.

எனக்கு இன்னும் தீராத உறுத்தல் வேறு இடத்தில். வாரனும் குண்ட்ராடாவும் ரோமுக்குப் புனிதப் பயணம் கிளம்பினார்கள், போப்புக்கும் பேரரசருக்கும் நடந்த சண்டையால் வழி அடைபட்டது, க்ளூனியில் தங்கினார்கள், அங்கே கிடைத்த உபசரிப்பில் மனம் கரைந்து அந்த மடத்துத் துறவிகளையே இங்கிலாந்துக்குக் கேட்டு வாங்கினார்கள் என்று எல்லாரும் எழுதுகிற அந்த அழகான கதை வருவது, நான் மேலே நம்ப மாட்டேன் என்று தள்ளிவைத்த அதே நீளமான சாசனத்தில். 1085 என்ற வருடமும் பிரசவத்தில் இறந்தார் என்பதும்கூட லூயிஸ் மடத்துப் பதிவேட்டு வழியாக வந்தவைதான், கல்லில் இருப்பது நாளும் மாதமும் மட்டும். ஒரு வரியில் பொய் சொன்னவரை அடுத்த வரியில் எவ்வளவு நம்புவது? நாளைக் கல் உறுதிசெய்கிறது, அதனால் பதிவேட்டின் வருடத்தையும் எடுத்துக்கொண்டேன். பிரசவத்தைப் பற்றி அங்கே யாருக்கும் பொய் சொல்லத் தேவை இருந்ததாகத் தெரியவில்லை, அதையும் வைத்துக்கொண்டேன். க்ளூனி பயணத்தை மட்டும், “லூயிஸ் துறவிகள் சொல்லிவந்தபடி” என்ற மூன்று சொல்லை முன்னால் போட்டு, சின்ன எழுத்தில் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.